பணிபுரியும் மகளிரும் மாதவிலக்கு முடிவுறும் பருவமும்

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சினைப்பைகளின் செயல் தளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சீரின்றி ஏறி இறங்கத் தொடங்கும். உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இதனால் தடுமாறுகிறது. முகத்திலும் மார்பிலும் திடீரெனச் சூடு பரவுவதும், இரவில் வியர்த்து உறக்கம் கலைவதும், மறுநாள் கவனம் சிதறுவதும் இதன் விளைவே. அலுவலகத்தில் இது அக்கறைக் குறைவு என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. அனுபவம் முதிர்ந்து பொறுப்பான பதவிகளை ஏற்கும் வயதும் இதுவேயாகும்.

இப்பருவத்தில் உதிரப்போக்கு மிகுவதை இயல்பெனப் பொறுத்துக்கொள்வோர் பலர். இது சரியன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். ஆகவே களைப்புக்குக் காரணம் பருவமா, இரத்தக் குறைவா என்பதைப் பரிசோதித்தே அறிதல் வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் காணின், தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

பணியிடத்தில் தேவைப்படுபவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. காற்றோட்டமான இடம், குடிநீர், தூய கழிப்பறை, இடையே சில நிமிட ஓய்வு ஆகியவையே பெரிதும் உதவும். கேரளத்தில் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்த பெண்கள் போராடியதன் பயனாக, 2018இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்க்கு இருக்கை தருவது கட்டாயமாயிற்று. தமிழ்நாடும் 2021இல் அவ்வாறே சட்டத்தைத் திருத்தியது. இத்திருத்தங்கள் இப்பருவத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை அல்ல; எனினும், சூடு பரவித் தலை சுற்றும் அந்தச் சில நிமிடங்களில் அமர்வதற்கு அவை ஓர் உரிமையைத் தந்துள்ளன.