நிறுவனத்திற்கு ஏற்ற திறந்த மூலத் தரவுத்தளம் எது?

பேரேடும் சரக்குப் பதிவேடும் இன்று கணினிக்குள் குடியேறிவிட்டன. விற்பனைச் சீட்டு, வாடிக்கையாளர் நிலுவை, ஊழியர் சம்பளம் ஆகிய யாவும் தரவுத்தளம் எனப்படும் மென்பொருளிலேயே சேமிக்கப்படுகின்றன. ரொக்கக் கடன் பெற்ற நிறுவனம் வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையும் அதிலிருந்தே பிறக்கிறது. உரிமக் கட்டணம் இல்லாத திறந்த மூலத் தரவுத்தளங்கள் பல உள்ளன. அவற்றுள் எதைக் கொள்வது என்னும் முடிவை மென்பொருள் எழுதித் தருபவரிடமே பலர் விட்டுவிடுகின்றனர். ஆயினும், கணக்குக்குப் பொறுப்பாளர் நிறுவன உரிமையாளரே. ஆகவே, தொழில்நுட்பம் பயிலாதவரும் கேட்கத்தக்க நான்கு கேள்விகளை இங்கே தருகிறோம்.

1. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பதிவு செய்வர்?

ஒரு கடை, ஒரு கணினி எனில் எஸ்கியூலைட் போதுமானது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இதற்குத் தனிச் சர்வர் வேண்டியதில்லை. தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். நம் கைப்பேசிகளிலும் இது இயங்குகிறது. ஆனால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இதில் எழுத இயலும். பல கிளைகளிலிருந்து பலர் ஒருங்கே பதிவு செய்யும் நிறுவனத்திற்குப் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகியவை பொருந்தும். ஒரு கணக்கில் பற்று எழுதினால் மற்றொன்றில் வரவு எழுதியாக வேண்டும். நடுவே மின்சாரம் தடைப்பட்டால் இரண்டுமே நிகழாதவையாக நீங்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காக்கும் ஆற்றல் இந்நான்கிற்கும் உண்டு. எனவே, எது புகழ் பெற்றது என்பதைக் காட்டிலும் எது நம் அளவுக்குப் பொருந்தும் என்பதே முதன்மையானது.

2. உரிமம் யார் கையில் உள்ளது?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது போஸ்ட்கிரெஸ். அது எந்த ஒரு நிறுவனத்திற்கும் சொந்தமன்று. பல நாட்டு வல்லுநர்கள் கூடி அதனைப் பேணுகின்றனர். மைஎஸ்கியூஎல் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் வசமாயிற்று. இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என இரண்டும் அதில் உண்டு. அதனை உருவாக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் பிரித்துத் தொடங்கிய கிளையே மரியாடிபி. உரிம நிபந்தனைகள் மாறுவதும் உண்டு. மாங்கோடிபி 2018இல் ஏற்ற புதிய உரிமம் திறந்த மூல உரிமமாக அங்கீகரிக்கப்படவில்லை. தம் அலுவலுக்கு மட்டும் பயன்படுத்துவோரை அம்மாற்றம் பெரிதும் தொடாது. தரவுத்தளத்தையே சேவையாக விற்போர் கவனிக்க வேண்டும்.

3. சட்டம் கேட்கும் தடம் கிடைக்குமா?

கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற நிறுவனங்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதியும் தணிக்கைத் தட வசதி கொண்ட கணக்கியல் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். அவ்வசதியை முடக்க இயலாதவாறும் இருத்தல் வேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் காப்புநகல் நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும்.

மென்பொருளின் திரை வழியே செய்யும் திருத்தம் தடத்தில் பதியும். தரவுத்தளத்திற்குள் நேரே புகுந்து ஒருவர் தொகையை மாற்றினால் என்ன ஆகும்? அதனையும் பதிவு செய்யும் துணை மென்பொருள் போஸ்ட்கிரெஸுக்கும் மரியாடிபிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்கு ஆரக்கிள் தரும் தணிக்கை வசதி கட்டணப் பதிப்பில் மட்டுமே உள்ளது. நிறுவும்போதே இதனைத் தணிக்கையாளருடன் கலந்து முடிவு செய்வது நலம்.

4. பழுது நேர்ந்தால் மீட்பவர் யார்?

உரிமம் இலவசம், பராமரிப்பு இலவசமன்று. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகளே ஆதரவு உண்டு. கம்பெனிச் சட்டமோ கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகள் பேணச் சொல்கிறது. ஆகவே, இடையில் ஒருமுறையேனும் பதிப்பு மாற்றம் தேவைப்படும். அதற்கான ஆளும் செலவும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். உங்கள் ஊரில் எந்தத் தரவுத்தளத்தை அறிந்த வல்லுநர் எளிதில் கிடைப்பார் என்பதையும் கருதுக.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. காப்புநகல் ஏற்பாடுகள் பல இருந்தும் அவை உரியவாறு இயங்கவில்லை; ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. பிழை தரவுத்தளத்தினுடையதன்று, காப்புநகலைச் சோதித்துப் பாராமையே குறை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாதம் ஒருமுறை காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதிலிருந்து இருப்பாய்வு எடுத்துப் பாருங்கள். நடப்புக் கணக்குடன் அது ஒத்திருந்தால் உங்கள் தேர்வு சரியானதே. ஒவ்வாதிருப்பின், காரணத்தை அன்றே கண்டறிவது தொழிலுக்குக் காப்பாகும்.