திருச்சி – யாழ்ப்பாணம்: பறக்கும் தூரமும் பயண நேரமும்

தா.பழூரில் பஸ் ஏறித் திருச்சி போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. திருச்சியில் விமானம் ஏறிக் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இறங்குவதற்கோ கால அட்டவணைப்படி ஒரு மணி நேரமே. "அவ்வளவுதானா!" என்று நண்பர்கள் வியப்பர். கணக்குப் போட்டுப் பார்த்தால், "அவ்வளவு நேரம் ஏன்?" என்றே கேட்கத் தோன்றும்.

திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10.77 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 78.71 பாகையிலும் உள்ளது. யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் 9.79, 80.07 பாகைகளில் உள்ளது. தெற்கே 0.98 பாகை, கிழக்கே 1.36 பாகை. ஓர் அட்சப் பாகை சுமார் 110.6 கி.மீ.; நம் பகுதியில் ஒரு தீர்க்கப் பாகை சுமார் 109.5 கி.மீ. ஆகவே தெற்கே 108, கிழக்கே 149 கி.மீ. இனிப் பைதாகரஸ் தேற்றமே போதும்: விடை 184 கி.மீ. (பூமி உருண்டைதான், ஆனால் இவ்வளவு சிறிய தூரத்தில் அந்த வளைவு நம் கணக்கைக் கெடுப்பதில்லை.) படத்தில் கோடு இழுத்தால் அது அதிராம்பட்டினத்தின் அருகே கரையை விட்டுப் பாக் நீரிணையைக் கடக்கும்.

இவ்வழியில் பறக்கவிடப்பட்டது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. என்று கொண்டால் 184 கி.மீ. கடக்க 22 நிமிடம் போதும். மீதி 38 நிமிடம் எங்கே போயிற்று?

500 கி.மீ. என்பது மேலே சமமட்டத்தில் செல்லும்போது உள்ள வேகம். ஏறும்போது அது 300 சொச்சந்தான். குறுகிய பயணத்தில் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். அட்டவணை நேரமோ, நிறுத்துமிடத்தில் சக்கரம் அசைவது முதல் மறுமுனையில் நிற்கும் வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடங்கும். காற்றையும் மறக்கலாகாது. விமானம் காற்றை எதிர்த்தே எழும்பும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுகையில், கிழக்கே போகவேண்டிய விமானம் மேற்கு முகமாக எழும்பிப் பிறகுதான் திரும்பும்! சென்னைக்கு 293 கி.மீ. ஆயினும் நேரம் பெரிதாகக் கூடாததன் காரணம் இதுவே. தூரத்தோடு வளராத ஒரு நிலையான நேரம் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

பலாலி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த தளம். உள்நாட்டுப் போருக்குப் பின் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் சென்னையோடு மட்டுமே இணைப்பு இருந்தது. திருச்சிக்காரர் சென்னைக்கு 293, அங்கிருந்து 354, ஆக 647 கி.மீ. பறந்தே 184 கி.மீ.க்கு அப்பாலுள்ள உறவினரைக் காண முடிந்தது. விமான நிலையத்தின் அருகிலேயே கொட்டப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கும் ஊரில் இந்தச் சுற்று எவ்வளவு பெரிது! 2025 மார்ச் 30-இல் நேர் விமானம் தொடங்கிற்று.

தா.பழூர்க்காரரின் கணக்கு இன்னும் நீளும். பஸ்ஸுக்கு மூன்று மணி. வெளிநாட்டுப் பயணமாதலால் நிலையத்தில் முன்கூட்டி இருக்க மூன்று மணி. பிறகு அந்த ஒரு மணி. ஆக ஏழு மணி நேரத்தில் 22 நிமிடமே வேகப் பறத்தல். கடிகாரத்தை மட்டும் திருத்த வேண்டியதில்லை. 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே.