முட்டைக் கோழியும் செம்பனைப் பிண்ணாக்கும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்வோர் நாளும் காணும் செம்பனைக்கும், நாம் உண்ணும் முட்டைக்கும் உள்ள தொடர்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இறைச்சிக் கோழிக்கு மருந்து கொடுத்தால், அம்மருந்து உடலை விட்டு நீங்கும் வரை காத்திருந்து அறுக்கலாம். முட்டைக் கோழியோ ஏறத்தாழ நாள்தோறும் முட்டையிடுவது. மருந்தின் எச்சம் முட்டையிலும் சேரக்கூடுமாதலின், காத்திருக்கும் நாட்களில் இடும் முட்டைகளைக் கொட்டிவிட நேரும்.

ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சிறிதளவு தீனியில் கலந்தால் குஞ்சுகள் விரைந்து வளர்வதை 1940களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் கண்டனர். ஆனால் அவ்வழக்கத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. அவை மனிதரையும் அடைய வல்லன. எனவே வளர்ச்சிக்காக அம்மருந்துகளை ஊட்டுவதைச் சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடுத்தன. மனிதருக்குக் கடைசிப் புகலாக உதவும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீனியில் சேர்ப்பதை மலேசியா 2019 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது.

அங்ஙனமாயின் மாற்று யாது? தீய கிருமியைக் கொல்வதற்குப் பதிலாக அதற்கு இடம் கொடாமையே மாற்று வழியாகும். குடலில் நல்ல நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பின், தீயவை குடியேற இடமிராது. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டினால் சால்மொனெல்லா தடுக்கப்படுவதை பின்லாந்து அறிஞர் நூர்மி 1973இல் காட்டினார். லாக்டோபாசில்லஸ் போன்ற நுண்ணுயிர்களைத் தீனியில் சேர்ப்பது ஒரு முறை. அவற்றுக்கு இரையாகும் சர்க்கரைத் தொடர்களைச் சேர்ப்பது மற்றொரு முறை.

இவ்விரண்டாம் முறையிற்றான் செம்பனை வருகின்றது. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேயே உருவாயிற்று. செம்பனைக் கொட்டையின் பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் மான்னன் என்னும் பொருள் மிகுதி. அதை நொதிகளால் சிறு சர்க்கரைத் தொடர்களாக உடைக்கலாம். செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்தெடுத்துக் கோழிகளுக்கு ஊட்டிச் சோதித்துள்ளனர்.

எனினும் வெறும் பிண்ணாக்கை அளவின்றிக் கொட்டுதல் தகாது. நார் மிகுதியாதலின் செரிமானம் குன்றும். மேலும் இவை நோயுற்ற கோழிக்கு மருந்தாகா. நோய் கண்டால் கால்நடை மருத்துவரையே நாடுதல் வேண்டும். கொட்டகைத் தூய்மை, நன்னீர், தடுப்பூசி ஆகியவற்றுக்கும் இவை ஈடாகா. அவற்றோடு சேருமிடத்தே தீனிச் சேர்க்கை பயன்தரும். அன்றே மருந்து கலவாத முட்டை நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும்.