ஆறு சதுரங்களில் ஒரு வெசாக் கூடு

மே மாதம் பிறந்தால் கொழும்பு வீடுகளின் வாசல்களில் வெசாக் கூடுகள் தொங்கத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் விகாரை முகப்பிலும் தோட்டத்து வீடுகளின் தாழ்வாரத்திலும் பார்க்கலாம். வெள்ளவத்தையில் தொடர்மாடி பல்கனிகளில் பார்க்கலாம். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் ஒரே பௌர்ணமியில் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அந்த நாளுக்கான அலங்காரம் இது. பௌத்தர் வீட்டுக்கு உரியதுதான் என்றாலும், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கூடவே குந்தியிருந்து தாள் ஒட்டிக்கொடுத்த கூடுகளுக்கு இந்த நகரில் குறைவில்லை.

பொருள் என்று பார்த்தால் சிறுமூங்கில் குச்சி, நூல், டிஷூ தாள், கோதுமை மாப் பசை. அவ்வளவுதான். தனித்தனியே எடுத்தால் நான்கும் வலுவில்லாதவை. ஒன்றுசேர்ந்ததும் காற்றையும் தாங்கி ஒரு வாரம் தொங்குகின்றன. அதற்குக் காரணமான கேத்திரகணிதத்தைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கூடுகளில் பல வகை உண்டு. விசிறிபோல் மடித்த தாளை உருளையாக வளைத்து, அடியில் அட்டை வைத்த ‘பக்கெட்’ கூடு மிகச் சாதாரணம். கடையில் வாங்கி இழுத்து விரித்தால் முடிந்தது. தாமரை, கப்பல், விமானம் என்று ஆசைக்கேற்பவும் கட்டுவார்கள். மெழுகுதிரியின் சூடான காற்று மேலெழும்போது தாள் விசிறியைச் சுழற்றும் சுழல் கூடும் இருக்கிறது. சீனாவில் இதே பொறியை ‘ஓடும் குதிரை விளக்கு’ என்று பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கமான எட்டுப்பட்டைக் கூட்டை. சிங்களத்தில் ‘அட்டபட்டம’ என்பார்கள்.

குச்சியிலிருந்து தொடங்குவோம். இலங்கையின் ஈரவலயத்தில் ஆற்றோரமும் காட்டோரமும் அடர்ந்து வளரும் ஒரு சிறுமூங்கிலைச் சிங்களத்தில் ‘பட்ட’ என்கிறார்கள். மெல்லிய தண்டு, நீண்ட கணுவிடை, உள்ளே வெறுமை. கூட்டுக்கென்றே படைத்ததுபோல் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பெரிய மூங்கிலைக் கீறிச் சீவிக்கொள்ளலாம். மூங்கிலின் நார்கள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, குறுக்கே பிணைப்பு மிகக் குறைவு. அதனால் கத்தியை ஒரு முனையில் வைத்துத் தட்டினால் போதும், பிளவு தானாகவே ஓடும். சில நேரம் அது நடுவை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு துண்டு தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும் வரும். அப்போது கத்தியை அழுத்திப் பயனில்லை. தடித்த பக்கத்தைக் கையால் சற்று அதிகமாக வளைத்துக்கொண்டே பிளக்க வேண்டும். எந்தப் பக்கம் கூடுதலாக வளைகிறதோ அந்தப் பக்கத்தை நோக்கியே பிளவு திரும்பும். பாய் பின்னுகிறவர்களும் கூடை முடைகிறவர்களும் இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார்கள்.

நார்கள் தண்டின் வெளித்தோல் பக்கம் நெருக்கமாகவும் உட்பக்கம் ஐதாகவும் இருக்கும். ஆகவே சீவும்போது உட்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டுத் தோல் பக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குறை, தோலின் வழவழப்பில் பசை சரியாகப் பிடிக்காது. கத்தி முதுகால் ஒருமுறை சுரண்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஒரே நீளத்தில் 24 குச்சிகள் வேண்டும். ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரங்கள். ஒரு சதுரத்தைத் தரையில் கிடத்துங்கள். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு சதுரங்களை, ஒவ்வொன்றும் தன் மூலையில் ஊன்றி நிற்கும்படி, நூலால் கட்டுங்கள். நிற்கும் சதுரங்களின் பக்க மூலைகள் ஒன்றையொன்று தொடும். அந்த நான்கு இடங்களையும் கட்டுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு மூலைகளில் ஆறாவது சதுரத்தை வைத்துக் கட்டினால் எலும்புக்கூடு தயார். மொத்தம் 12 முடிச்சு. ஆறு சதுரங்களை மட்டுமே கட்டியிருக்கிறோம்; ஆனால் அவற்றுக்கிடையே எட்டு முக்கோணங்கள் தாமாகவே உருவாகியிருக்கும். முதல்முறை கட்டும் பிள்ளை இந்த இடத்தில் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பார்க்கவிடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

இந்த உருவம் ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் 13 திண்மங்களில் ஒன்று. லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி தெய்வீக விகிதம் பற்றி எழுதிய நூலுக்கு லியொனார்டோ டா வின்சி படங்கள் வரைந்தார்; நூல் 1509இல் வெனிஸில் அச்சானது. அதில் இதே உருவத்தை, பக்கங்களை வெறுமையாக விட்டு வெறும் சட்டமாகவும் வரைந்து காட்டியிருக்கிறார். நம் தாழ்வாரத்தில் தாள் ஒட்டக் காத்திருக்கும் கூட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் புதிதாகத் தோன்றாது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு. மையத்திலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரம் குச்சியின் நீளத்துக்குச் சரிசமம். ஓர் அடிக் குச்சி என்றால் 12 மூலைகளும் மையத்திலிருந்து ஓர் அடி.

கட்டி முடித்ததும் ஒரு கலக்கம் வரும். கூடு ஆடும். மெல்ல அழுத்தினால் முறுக்கிக்கொண்டு சரியும். கட்டு தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் நூலை இன்னும் இறுக்குவார்கள், பலன் இராது. கோளாறு நூலில் இல்லை. மூன்று குச்சிகளை முனைகளில் கட்டினால் வரும் முக்கோணம் உருமாறாது. நான்கில் வரும் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். ஆறு சதுரங்களும் சேர்ந்து சாயும்போது கூடு முழுவதும் முறுகிக் குறுகுகிறது. அமெரிக்கரான பக்மின்ஸ்டர் புல்லர் இந்த அசைவில் மனதைப் பறிகொடுத்து, அதை ஒரு நடனமாகவே செய்துகாட்டி விளக்கம் சொல்லிவந்தார்.

எத்தனை குச்சி இருந்தால் ஆடாது? இதற்கு இயற்பியலாளர் மெக்ஸ்வெல் 1864இல் ஒரு கணக்குச் சொன்னார். மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். நம் கூட்டில் மூலை 12. மூன்றால் பெருக்கினால் 36, ஆறு போக 30. நம்மிடம் இருப்பதோ 24 குச்சிகள். குறைவது ஆறு. சதுரங்களும் ஆறு. ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குச்சி கட்டினால் கூடு அசையாது.

ஆனால் எல்லாச் சதுரத்திலும் குறுக்கே குச்சி போட்டால் வெளிச்சத்தில் அதன் நிழல் கோடாக விழுந்து அழகைக் கெடுக்கும். நிற்கும் நான்கு சதுரங்களிலும் அந்த வேலையைத் தாள் ஏற்றுக்கொள்கிறது. இழுத்து ஒட்டிய தாளுள்ள சதுரம் சாயப் பார்த்தால், அதன் மூலைவிட்டங்களில் ஒன்று நீள வேண்டும். நீள விடாமல் தாள் பிடித்துக்கொள்ளும். தாள் நெரிதலுக்கு நிற்காது, இழுவைக்கு நன்றாக நிற்கும். மிச்சமிருப்பவை மேற்சதுரமும் அடிச்சதுரமும். காற்றுப் போக்குவரத்துக்காக இரண்டையும் திறந்தே விட வேண்டும், தாள் ஒட்ட முடியாது. ஆனால் மேலே கூட்டைத் தொங்கவிட ஒரு குறுக்குக் குச்சி வேண்டும், கீழே விளக்கை வைக்க ஒரு குறுக்குக் குச்சி வேண்டும். அவற்றை நேர்குறுக்காகப் போடாமல் மூலைக்கு மூலை கட்டினால் மெக்ஸ்வெல் கேட்ட கடைசி இரண்டும் கிடைத்துவிடும். கூட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இந்த இரண்டு குச்சிகள்தான்.

இனித் தாள். புறக்கோட்டை மலிபன் வீதியின் தாள் கடைகளில் டிஷூ தாள் எல்லா நிறத்திலும் கிடைக்கும். சாதாரண எழுதுதாள் சதுர மீற்றருக்கு 70, 80 கிராம் இருக்கும். டிஷூ தாள் 20 கிராம் அளவில்தான். ஓர் அடிக் கூட்டின் நான்கு சதுரங்களுக்கும் எட்டு முக்கோணங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஏழரைச் சதுர அடித் தாள் போகும். கூட்டின் நான்கு பக்கத்தையும் நிமிர்த்தி நிறுத்தும் அந்தத் தாள் முழுவதும் சேர்ந்து 14 கிராம் வரும்!

பசை காய்ச்சுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோதுமை மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். 60 பாகையை அண்டும்போது மாச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி உடையும். பால்போல் வெளுத்திருந்த கலவை சட்டென்று தடித்துக் கண்ணாடிபோல் தெளியும். அதுதான் இறக்கும் பதம். பூஞ்சணமும் கரப்பானும் வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அது வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம்.

பசையைக் குச்சியில் மட்டும் மெல்லியதாகப் பூசித் தாளை வைக்க வேண்டும். ஈரம் பட்ட இடத்தில் தாளின் நார்கள் வீங்கித் தாள் சற்று நெகிழும், சுருக்கம்கூட விழும். பயப்பட வேண்டாம். காயும்போது நார்கள் ஒடுங்கித் தாள் தோல்வாத்தியம்போல் விறைக்கும். விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். தாளால் மூடிய மாதிரி விமானம் செய்கிறவர்கள் இதற்காகவே தாளில் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார்கள். நிற டிஷூவில் அதைச் செய்யக் கூடாது, சாயம் கரைந்து ஓடும். மே மாதத்துக் கொழும்பு மழைக்கும் இதே காரணத்தால் கூட்டை முற்றத்தில் விடாமல் கூரைக்குள்ளேயே தொங்கவிட வேண்டும். வால்களும் மூலைக் குஞ்சங்களும் அவரவர் கத்தரிக்கோலின் திறமை. பெரிய கூட்டைச் சுற்றிக் குஞ்சுக் கூடுகளைக் கட்டித் தொங்கவிடும் அழகு தனி.

விளக்கு பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 80 வாட் வெப்பம் தரும், அதில் பெரும்பங்கு நேர்மேலே போகிறது. 230 பாகை அளவில் தாள் பற்றிக்கொள்ளும். ஆகவே மெழுகுதிரியை மையத்தில் தூக்கி வைக்காமல் அடிக்குறுக்கில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பக்கக் குச்சிகள் ஆறு அங்குலம் தள்ளி இருக்கும். திறந்த மேல்வாய் அடியிலிருந்து 17 அங்குல உயரத்தில் இருக்கும். காற்று ஒருமுறை பலமாக வீசிக் கூடு சாய்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. சுவரும் சுவரும் ஒட்டிய கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் சிறு எல்.ஈ.டி. மின்குமிழ்தான் நல்லது.

கொட்டாஞ்சேனைக்கு வெசாக் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறன்று, இங்குள்ள தீபதுத்தாமாராமய விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. அதன் பின் பௌத்தர்கள் தங்கள் உரிமைகளைக் கேட்டுத் திரண்டார்கள். வெசாக் பௌர்ணமி மறுபடியும் அரச விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28, அந்த விடுமுறை கிடைத்த முதல் வெசாக். அன்றைக்கு இதே விகாரையில்தான் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்த கொடியை முதன்முதலாக ஏற்றினார். கொடியின் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் ஆகிய நிறங்களிலேயே இன்றும் பலர் கூட்டுக்குத் தாள் வாங்குகிறார்கள்.

விகாரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சாந்த லூசியா பேராலயம். டிசம்பரில் அதைச் சுற்றியுள்ள கத்தோலிக்க வீடுகளில் தொங்கும் நத்தார் நட்சத்திரம் இதே மூங்கில், இதே டிஷூ, இதே பசை. ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு நட்சத்திரம், அதேபோல் இன்னொன்று, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்மூலைகள் ஐந்திலும் இரண்டுக்கும் நடுவே குட்டையான குச்சிகளை முட்டுக் கொடுப்பார்கள். குச்சிகள் வில்லாக வளைந்து நட்சத்திரம் புடைக்கும். அந்த வளைவின் விசையே சட்டத்தை இறுக்கி வைக்கிறது. பிலிப்பைன்ஸில் ‘பரோல்’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு தொங்குவதும் இதுதான்.

பிளாஸ்டிக் அலங்காரம் மலிவென்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்களைக் கொன்றது இந்த நகரத்துக்கு மறக்காது. புளூமெண்டால் குப்பைமேட்டின் நாற்றத்தைச் சுவாசித்து வளர்ந்த கொட்டாஞ்சேனைக்காரருக்கு அதன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும். அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரங்களுக்கு அரசு தடை விதித்தது. மூங்கிலும் தாளும் மாப் பசையும் மண்ணில் போட்டால் மண்ணாகும். தடையை அமுல்படுத்துவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது பள்ளிக்கூடங்களில் கூடு கட்டக் கற்பிப்பதில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் கூட்டுக்கு ஓரடிக் குச்சிகூட வேண்டாம். முடிச்சுக்கு முடிச்சு ஒன்பது அங்குலம் போதும். கூட்டின் உயரம் 13 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், சிறு கைகளுக்கு அடங்கும். 24 குச்சிகளையும் ஒரு மாதிரிக் குச்சியை வைத்தே அளந்து வெட்டுங்கள். ஒன்றை வைத்து அடுத்ததை, அதை வைத்து அதற்கடுத்ததை என்று அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கூடிக் கடைசி மூலை பொருந்தாது. முடிச்சை ஒட்டி அரை அங்குலக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள், நூல் நழுவாது. வெசாக் முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தைப் பரணில் வைத்தால் அடுத்த ஆண்டுக்குத் தாளும் பசையும் மட்டும்தான் செலவு.