வன்முறையும் வாக்கெடுப்பும்: ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசில் கட்சிகள் முரண்பட்ட விதம்

கருத்து முரண்பாடுகளைப் பேச்சினாலும் வாக்கினாலும் தீர்ப்பதே பாராளுமன்ற முறையின் சிறப்பு என்று குடியியற் பாடத்தில் கற்றிருப்பீர்கள். வினாத்தாளிலும் அவ்வாறே எழுதுவீர்கள். அது சரியான விடைதான். ஆனால் ஒருவர் பேச்சை விட்டுத் தடியையோ துப்பாக்கியையோ கையில் எடுத்தால் அவரை என்ன செய்வது என்ற கேள்வியும் ஒருநாள் அதே சபையின் முன் வரும். அக்கேள்வியையும் சபை வாக்கினால்தான் தீர்க்க வேண்டும். அந்த வாக்கும் கட்சிவாரியாகப் பிரிந்தால் என்ன நடக்கும்? இதனை விளங்கிக்கொள்ள ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு நன்கு உதவும்.

முதலில் ஒரு விதியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் செனற் சபை, பிரதிநிதிகள் சபை என இரு மன்றங்களைக் கொண்டது. ஒழுங்கீனமாக நடந்த உறுப்பினரைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு ஒவ்வொரு மன்றத்துக்கும் அளித்துள்ளது. கண்டனத் தீர்மானம் நிறைவேற்றச் சாதாரண பெரும்பான்மை போதும். உறுப்பினரை வெளியேற்றுவதற்கோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நமது பாராளுமன்றத்தில் அரசியலமைப்பைத் திருத்த 225 பேரில் 150 பேர் வேண்டும் என்று படித்தீர்கள் அல்லவா? அதே அளவுகோல்தான். எந்தவொரு கட்சியும் தனித்து மூன்றில் இரண்டு பங்கைப் பெறுவது அரிது. ஆகவே எதிர்த்தரப்பில் சிலராவது மனம் இசைந்தாலன்றி அத்தண்டனை நிறைவேறாது.

1856: செனற் சபையில் விழுந்த அடி

அக்காலத்தில் அமெரிக்காவைப் பிரித்து நின்ற பெரும் பிரச்சினை அடிமை முறையாகும். 1854 ஆம் ஆண்டின் கன்சாஸ் - நெப்ராஸ்கா சட்டம், புதிதாகக் குடியேறப்பட்ட அப்பிரதேசங்களில் அடிமை முறை இருக்கலாமா என்பதை அங்குள்ள குடியேற்றவாசிகளே தீர்மானிக்கட்டும் என்றது. விளைவு, இரு தரப்பினரும் ஆயுதங்களுடன் கன்சாசுக்குள் புகுந்தனர். 1856 மே 19, 20 ஆம் திகதிகளில் மசாசூசெற்ஸ் மாநில செனற்றரான சாள்ஸ் சம்னர் இதனைக் கண்டித்து நீண்ட உரையாற்றினார். அடிமை முறையைச் சாடியதோடு, அதனை ஆதரித்த தென் கரோலினா செனற்றர் அன்ட்ரூ பட்லரையும் மிகக் கடுமையான சொற்களால் இகழ்ந்தார். பட்லர் அன்று சபையில் இல்லை.

பட்லரின் உறவினரான பிரெஸ்ரன் புறூக்ஸ் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். மே 22 ஆம் திகதி செனற் சபை கலைந்த பின்னர், தமது மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த சம்னரை அணுகி, பொற்பிடி போட்ட கைத்தடியினால் தலையில் அடித்தார். சபை மேசைகள் தரையோடு பூட்டப்பட்டவை. எழ முயன்ற சம்னர் மேசைக்கும் கதிரைக்கும் இடையே அகப்பட்டு, ஈற்றில் மேசையையே பெயர்த்துக்கொண்டு எழுந்தார். தடி முறிந்த பின்னரும் அடி நிற்கவில்லை. தடுக்க வந்தவர்களைப் புறூக்சின் நண்பரான லோரன்ஸ் கீற் என்ற மற்றோர் உறுப்பினர் மறித்து நின்றார். சம்னர் இரத்த வெள்ளத்தில் நினைவிழந்தார். அவர் முழுமையாகப் பணிக்குத் திரும்பியது 1859 டிசெம்பரிலேயே. இடையில் மசாசூசெற்ஸ் சட்டசபை அவரையே மீண்டும் தெரிவு செய்தது. வெறுமையாகக் கிடந்த அந்த ஆசனமே ஒரு பேச்சாக இருந்தது எனலாம்.

நடந்தது என்ன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கண்ணாற் கண்டவர்கள் பலர், புறூக்சும் மறுக்கவில்லை. ஆயினும் காங்கிரஸ் என்ன செய்ய வேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறொரு மன்றத்தின் உறுப்பினரைத் தன்னால் தண்டிக்க முடியாது என்று கூறி செனற் சபை ஒதுங்கிக்கொண்டது. பிரதிநிதிகள் சபை ஐவர் கொண்ட குழுவை நியமித்தது. வட மாநிலத்தவர் மூவரும் புறூக்சை வெளியேற்ற வேண்டும் என்றனர். தென் மாநிலத்தவர் இருவரும் இவ்விடயத்தில் சபைக்கு அதிகாரமே இல்லை என்றனர். அடித்தது சரி என்று அந்த இருவரின் அறிக்கை கூறவில்லை. தண்டிக்க வேண்டியவர் நாமல்ல என்றுதான் கூறியது. இந்த வாதத்தை நன்றாக நினைவில் வையுங்கள். 165 ஆண்டுகளின் பின்னரும் இதே வாதத்தைக் காணப் போகிறோம்.

யூலை 14 ஆம் திகதி வாக்கெடுப்பு நடைபெற்றது. வெளியேற்ற வேண்டும் என்று 121 பேரும் வேண்டாம் என்று 95 பேரும் வாக்களித்தனர். பெரும்பான்மை இருந்தது, ஆனால் வேண்டியது 144. தென் மாநில உறுப்பினர்கள் அநேகமாக ஒரே அணியாக நின்றமையால் பிரேரணை தோற்றது. தம்மைத் தண்டிக்க முடியாத சபையிலிருந்து புறூக்ஸ் தாமாகவே பதவி விலகினார். உடனே நடந்த இடைத்தேர்தலில் அவரது தொகுதி மக்கள் அவரையே திருப்பி அனுப்பினர். ஆதரவாளர்கள் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினர். நீதிமன்றம் விதித்த தண்டனை 300 டொலர் அபராதம் மட்டுமே. கீற்றின் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அவரும் விலகி, மீண்டும் தெரிவாகி வந்தார்.

சில விடைத்தாள்களில் 'சட்டம் பலவீனமாக இருந்தமையால் குற்றவாளி தப்பினான்' என்று எழுதப்படுவதுண்டு. இது அரைகுறை விடையாகும். சட்டம் இருந்தது. அதனை இயக்க மறுதரப்பின் சம்மதம் தேவைப்பட்டது. அச்சம்மதத்தைக் கொடுத்த உறுப்பினர் தமது தொகுதியில் மீண்டும் வெல்ல முடியாத நிலை இருந்தது. உள்நாட்டு யுத்தம் தொடங்கிய பின்னர், 1861, 1862 ஆம் ஆண்டுகளில் செனற் சபை 14 உறுப்பினர்களை வெளியேற்றியது. அப்போது மட்டும் மூன்றில் இரண்டு பங்கு எப்படிக் கிடைத்தது? தென் மாநிலங்களின் உறுப்பினர்களிற் பெரும்பாலோர் சபையை விட்டுப் போயிருந்தனர்.

1871: ஒரே சாட்சியம், இரண்டு அறிக்கைகள்

யுத்தத்தின் பின் அடிமைகள் விடுதலை பெற்று, கறுப்பின ஆண்கள் வாக்குரிமையும் பெற்றனர். அதனைப் பொறுக்காத கூ குளுக்ஸ் கிளான் என்ற இரகசிய அமைப்பு தென் மாநிலங்களில் கொலை, கசையடி, தீவைப்பு ஆகியவற்றில் ஈடுபட்டது. நோக்கம் அவர்களை வாக்களிக்க விடாது அச்சுறுத்துவதாகும். 1871 ஏப்ரில் 20 ஆம் திகதி இதற்கெதிரான சட்டம் நிறைவேறியது. தேவைப்படின் ஆட்கொணர்வு எழுத்தாணையை இடைநிறுத்தவும் அது சனாதிபதிக்கு அதிகாரமளித்தது. சனாதிபதி யூலிசிஸ் கிறான்ற் அதே ஆண்டு ஒக்ரோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் அதனைப் பயன்படுத்தினார்.

இங்கும் சபை கட்சிவாரியாகப் பிரிந்தது. கொலையும் தாக்குதலும் மாநிலங்கள் விசாரிக்க வேண்டிய குற்றங்கள், சமாதான காலத்தில் சனாதிபதிக்கு இத்தனை அதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று சனநாயகக் கட்சியினர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியிலும் ஒரு சிலருக்கு இந்த அச்சம் இருந்தது. காங்கிரசின் கூட்டுக்குழு தென் மாநிலங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்து 1872 இல் 13 தொகுதிகளாக வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கறுப்பின மக்கள் பலர் அச்சத்தையும் மீறி வந்து சாட்சி கூறியிருந்தனர். அதே சாட்சியத்தைக் கேட்ட குழுவின் பெரும்பான்மையினர் இது திட்டமிட்ட சதி என்றனர். சிறுபான்மையினரோ செய்திகள் மிகைப்படுத்தப்பட்டவை, குடியரசுக் கட்சி நடத்திய சீர்கெட்ட மாநில ஆட்சிகளே அமைதியின்மைக்குக் காரணம் என்றனர். அதிகாரம் பற்றிய எச்சரிக்கை நியாயமான வாதமாகும். ஆனால் வீடு எரிந்தவன் சொன்னதை நம்பாமல் விட்டதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஒரு குறிப்பு: கட்சிப் பெயர்களைக் கண்டு மயங்காதீர்கள். குடியரசுக் கட்சி 1854 இல் அடிமை முறையின் விரிவாக்கத்தை எதிர்த்து வட மாநிலங்களில் எழுந்தது. அன்றைய தென் மாநிலங்கள் சனநாயகக் கட்சியின் கோட்டை. இன்று நிலைமை பெரிதும் தலைகீழாகிவிட்டது.

2021 உம் அதன் பின்னரும்

2021 ஜனவரி 6 ஆம் திகதி, சனாதிபதித் தேர்தல் வாக்குகளை எண்ணி உறுதிப்படுத்தக் காங்கிரஸ் கூடியிருந்தது. தேர்தலில் தோற்ற டொனால்ட் ட்ரம்பின் ஆதரவாளர்கள் கட்டடத்தினுள் புகுந்தனர். உறுப்பினர்கள் இரு கட்சியினரும் ஒன்றாகவே ஓடி ஒளிந்தனர். அன்றிரவே திரும்பிவந்து எண்ணும் பணியை முடித்தனர். ஜனவரி 13 ஆம் திகதி பிரதிநிதிகள் சபை 232 - 197 என்ற வாக்குகளால் ட்ரம்ப் மீது குற்றப் பிரேரணை நிறைவேற்றியது. அவரது குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரும் அதனை ஆதரித்தனர். பெப்ரவரி 13 இல் செனற் சபையில் 57 பேர் குற்றவாளி என்றனர். 43 பேர் இல்லை என்றனர். வேண்டியது 67.

குடியரசுக் கட்சியின் செனற் தலைவர் மிச் மக்கொனெல், நடந்தவற்றுக்கு ட்ரம்ப் பொறுப்பு என்று சபையிலேயே கூறினார். ஆயினும் பதவி நீங்கிய ஒருவரை விசாரிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்று சொல்லி விடுவிக்க வாக்களித்தார். 1856 இன் குழு அறிக்கை நினைவுக்கு வருகிறதா? 'செயல் சரியா?' என்ற கேள்வியை விட்டு 'தண்டிப்பது யார் வேலை?' என்ற கேள்விக்கு மாறுவது சட்டசபைகளில் பழைய வழக்கம். சில வேளைகளில் அது நேர்மையான சட்டக் கேள்வி. சில வேளைகளில் ஒளிந்துகொள்ள ஓர் இடம். எது எப்போது என்பதை வாக்குப் பட்டியல் மட்டும் சொல்லாது.

அடுத்து, இரு கட்சியினரும் சமமாக அமரும் விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைக்கும் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 252 - 175 என நிறைவேறியது. செனற் சபையில் விவாதத்தை முடிவுறுத்த 60 வாக்கு வேண்டும், கிடைத்தது 54. பின்னர் பிரதிநிதிகள் சபை தனியே ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. குடியரசுக் கட்சி முன்மொழிந்தவர்களில் இருவரைச் சபாநாயகர் நான்சி பெலோசி ஏற்க மறுத்தார். கட்சித் தலைமை ஏனையோரையும் விலக்கிக்கொண்டது. லிஸ் செனி, அடம் கின்சிங்கர் என்ற இரு குடியரசுக் கட்சியினர் மட்டும் சபாநாயகரின் நியமனத்தில் குழுவில் இருந்தனர். ஆகவே குழு பக்கச்சார்பானது என்று ஒரு தரப்பும், உண்மையை அறிய வேறு வழியில்லை என்று மறுதரப்பும் கூறின. குற்றப் பிரேரணையை ஆதரித்த பத்துப் பேரில் நால்வர் மீண்டும் போட்டியிடவில்லை. நால்வர் 2022 இல் தமது கட்சியின் வேட்பாளர் தெரிவிலேயே தோற்றனர். மீண்டும் வென்றவர்கள் இருவர். 2025 ஜனவரி 20 இல் மறுபடியும் சனாதிபதியான ட்ரம்ப், அன்றைய சம்பவத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட ஏறத்தாழ 1500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

கட்சிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். 2022 டிசெம்பரில், தேர்தல் வாக்கெண்ணும் முறையைத் திருத்தும் சட்டத்தை இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றினர். ஒரு மாநிலத்தின் வாக்குகளை ஆட்சேபிக்க முன்னர் ஒவ்வொரு மன்றத்திலும் ஓர் உறுப்பினர் போதும். இப்போது ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும். யார் குற்றவாளி என்று கேட்காமல் எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்டமையால் இது சாத்தியமாயிற்று.

2025 இல் இதே வேறுபாட்டை மீண்டும் காணலாம். யூன் 14 இல் மினசோட்டா மாநில சட்டசபை உறுப்பினர் மெலிசா ஹோர்ட்மனும் அவரது கணவரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பிரதிநிதிகள் சபை எதிர்ப்பின்றிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. செப்ரெம்பர் 10 இல் பழைமைவாத அரசியற் செயற்பாட்டாளர் சார்ளி கேர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொடர்பான தீர்மானம் 310 - 58 என நிறைவேறியது. எதிர்த்த 58 பேரும் சனநாயகக் கட்சியினர். கொலையைக் கண்டிக்கிறோம், ஆனால் கொல்லப்பட்டவரின் அரசியலைப் புகழும் வாசகங்களுக்கு வாக்களிக்க முடியாது என்பது அவர்கள் தரப்பு. இறந்த மனிதருக்கு மரியாதை செய்யவும் மனமில்லையா என்பது மறுதரப்பின் கேள்வி.

பயிற்சி வினா: 1856 யூலை 14, 2021 பெப்ரவரி 13 ஆகிய இரு வாக்கெடுப்புகளிலும் பெரும்பான்மை இருந்தும் பிரேரணை தோற்றது ஏன் என விளக்குக. மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியை நீக்கி, சாதாரண பெரும்பான்மையால் உறுப்பினரை வெளியேற்றலாம் என்று மாற்றினால் சிறிய எதிர்க்கட்சி ஒன்றுக்கு என்ன நேரக்கூடும் என்பதையும் உமது விடையிற் சேர்த்துக்கொள்க.