உங்களுக்குத் தெரியுமா? தோல் டாக்டர் அழகு டாக்டர் ஆன கதை

● வழுக்கைத் தலையில் முடி நடும் சிகிச்சையை 1952-ல் நியூயார்க்கில் தொடங்கிவைத்தவர் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர். பின்மண்டையிலிருந்து முடியோடு சேர்த்துத் தோலைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டியெடுத்து முன்மண்டையில் பதித்தார். வழுக்கை விழும் இடத்துக்குப் போன பிறகு அந்த முடியும் கொட்டத்தானே வேண்டும்? கொட்டவில்லை. இடம் மாறினாலும் பின்மண்டை முடி தன் குணத்தை விடாது என்று அவர் கண்டுகொண்டார்; 1959-ல் கட்டுரையாக வெளியிட்டார். சென்னையானாலும் இஸ்தான்புல்லானாலும், முடி நடும் கிளினிக்குகள் இன்று பிழைப்பு நடத்துவது இந்த ஒரு உண்மையை நம்பித்தான். ஆனால் அந்தக் காலத்தில் நட்ட முடி, பொம்மைத் தலையில் கொத்துக் கொத்தாகச் செருகியதுபோல் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் தொப்பியே மேல் என்று நினைத்திருந்தால் தப்பில்லை.

● அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுடா, தீக்காயத் தழும்புகளில் முடி பதித்தது பற்றி 1939-லேயே எழுதிவிட்டார். ஜப்பானிய மொழியில் எழுதினார். உடனே உலகப்போரும் வந்துவிட்டது. மேல்நாட்டு மருத்துவர்கள் கண்ணில் அது படவே இல்லை.

● கடைகளில் பார்க்கும் ‘கிளினிக்’ அழகுப் பொருள்களின் பின்னாலும் இதே ஓரன்ட்ரைக் இருக்கிறார். நல்ல சருமத்தை உருவாக்க முடியுமா என்று 1967-ல் ‘வோக்’ இதழின் கேரல் பிலிப்ஸ் அவரிடம் பேட்டி எடுத்தார். அதைப் படித்த எஸ்டே லாடர் நிறுவனத்தார் இருவரையும் சேர்த்துக்கொண்டு 1968-ல் கிளினிக்கைத் தொடங்கினார்கள். கழுவு, இறந்த செல்களை நீக்கு, ஈரப்பதம் கொடு. இந்த மூன்று படிகள்தான் மொத்த வைத்தியமும். விற்பனைப் பெண்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டது மட்டும் சுத்தமான வியாபார மூளை!

● போடாக்ஸ் முதலில் கண்ணுக்கான மருந்து. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமைத் துடிப்புக்கு அதை ஊசியில் ஏற்றிவந்தார். 1987-ல் ஒரு நோயாளி, புருவ நடுவிலும் போடச் சொன்னார். அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டெயர் தோல் மருத்துவர். விஷயம் வீட்டுக்குள்ளேயே பிடிபட்டுவிட்டது. சுருக்கத்துக்காக ஊசி போட்டுக்கொண்ட முதல் ஆள், அவர்கள் கிளினிக்கின் வரவேற்பாளர். 1992-ல் கட்டுரை வந்தது. அமெரிக்க அரசின் அனுமதி 2002-ல்தான். ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடியும் ஊசி, மறுபடியும் பில்.

● பருவுக்கும் சுருக்கத்துக்கும் எழுதித்தரும் டிரெட்டினாயின் களிம்புக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்த பிலடெல்பியா தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல ஆண்டுகள் மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதித்தவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். என்ன பூசுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை; கையில் கிடைத்தது சில டாலர்கள். சோதனைகள் 1974-ல் நின்றன. பிலடெல்பியா நகரம் மன்னிப்புக் கேட்டது 2022-ல். அரை நூற்றாண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பைக் காதில் வாங்க எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

● சுற்றுத் தோலைச் சுடாமல் குறிவைத்த நிறத்தை மட்டும் தாக்கும் லேசரின் தத்துவத்தை பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் வெளியிட்டார்கள். அதனால் முதலில் பலன் பெற்றவர்களில், முகத்தில் சிவப்பு மச்சத்தோடு பிறந்த குழந்தைகளும் உண்டு.

● அமெரிக்காவில் தோல் மருத்துவராக, பள்ளி முடித்தபின் குறைந்தது 12 ஆண்டுகள் ஆகும்: கல்லூரி 4, மருத்துவக் கல்லூரி 4, பயிற்சி 1, தோல் சிறப்புப் படிப்பு 3. ‘காஸ்மெட்டிக்’ என்று அங்கே தனிச் சிறப்புப் பிரிவுச் சான்றிதழ் கிடையாது. மன்ஹாட்டனில் காலையில் நடிகைக்கு ஊசி போடுகிறவரும் தோல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் படித்தவரே.

● நம் ஊரில் அந்தப் படிப்பு எம்.டி. (டி.வி.எல்.). தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் அதில் அடக்கம். முகத்தில் ஊசியோ லேசரோ வைக்கச் சம்மதிக்கும் முன், அந்தப் பட்டமோ அதற்கு இணையான தோல் மருத்துவப் படிப்போ போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.