வாத்துக்குத் தெரியாமல் ஒரு மறைவு!

நீங்கள் பொங்கலூர்க்காரரா? வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியில் ஓடியாடிய பிறகு, ஞாயிறு காலையில் குழந்தைகளுடன் திருப்பூரைத் தாண்டி நஞ்சராயன் குளம் வரை போய் வாருங்களேன்! பனிக்காலமானால், இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காணும் பாக்கியமும் கிட்டலாம்.

ஒரு சங்கடம்: நீங்கள் வாத்தைப் பார்க்குமுன் வாத்து உங்களைப் பார்த்துவிடும்! அதற்காக மனிதன் கண்ட உபாயம்தான் கோரையும் நாணலும் வேய்ந்த மறைவுக் குடில். கண்டவர்கள் ரசிகர்கள் அல்ல, வேட்டைக்காரர்கள்.

அமெரிக்காவில் பொது நிலங்களில் இன்றும் இத்தகைய குடில்கள் உண்டு. ஆனால் எத்தனை கட்டுப்பாடு! வேட்டை லைசென்ஸ் வேண்டும். 1934 முதல் வாத்து ஸ்டாம்பும் வாங்க வேண்டும். 1991 முதல் ஈய ரவை கூடாது. பல இடங்களில் பச்சை மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பருவம் முடிந்ததும் குடிலைப் பிரித்துவிட வேண்டும்.

நம் நாட்டிலும் மறைவில் அமர்ந்து சுட்ட காலம் இருந்தது. பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் 4,273! அதே இடம் 1982-ல் தேசியப் பூங்காவாயிற்று.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிக்குப் பூட்டுப் போட்டது. சுடுவது மட்டுமல்ல; கண்ணி வைப்பதும், கூட்டையோ முட்டையையோ கலைப்பதும்கூட அதன் கணக்கில் வேட்டைதான். சுமார் 310 ஏக்கர் பரப்புள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஆகவே, அங்கே நாமாகக் குடில் கட்டக் கூடாது. கரையோர மரநிழலே நமக்கு மறைவு. பளிச்சென்ற சிவப்புப் பனியன் ஏற்றுமதிக்குப் போகட்டும்; நீங்கள் மண் நிற உடை அணியுங்கள். விடியுமுன் போய் அமருங்கள். கிளையை ஒடிக்காதீர்கள், கூட்டருகே போகாதீர்கள். கொண்டு போன காகிதத்தையும் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

யாராவது "குளத்து வாத்துக் கறி, மலிவு" என்று காதோடு சொன்னால்? ஜாக்கிரதை! விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் குற்றவாளிதான். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மலை தாண்டி வந்த விருந்தாளி அது. குழம்பில் ஒரு வேளைதான் இருக்கும். குளத்தில் விட்டுவைத்தால் அடுத்த பனிக்காலத்திலும் உங்கள் குழந்தைகளைத் தேடி வரும் அல்லவா?